155 செ.மீ. உயரம், 800 மி.மீ. சீட்: சிபி400எக்ஸை எனக்கேற்ற மாதிரி மாற்ற என்ன வழி?

தேன்மொழி_யீஷூன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் 2ஏ லைசென்ஸ் (400 சிசி வரையுள்ள பைக்குக்கானது) கிடைத்த கையோடு பழைய ஹோண்டா சிபி400எக்ஸ் ஒன்றை வாங்கிவிட்டேன். அதுவரை ஓட்டியது ஸ்கூட்டர். என் உயரம் 155 செ.மீ., காலின் உள்ளளவு 71 செ.மீ., எடை ஐம்பதுக்குப் பக்கம். சீட் உயரம் கம்பெனிக் கணக்குப்படி 800 மி.மீ. வண்டி 200 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஓடும்போது ஒரு சிக்கலும் இல்லை. பிகேஇ விரைவுச்சாலையில் போகும்போது இதைவிட நல்ல வண்டி இல்லை என்றுதான் தோன்றுகிறது. நிற்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனி மட்டும் தரையில் படுகிறது. எங்கள் புளோக்கின் பல மாடி கார்பார்க்கில் மோட்டார்சைக்கிள் இடம் சரிவுப் பாதையை ஒட்டி இருக்கிறது. உட்கார்ந்தபடி பின்னால் தள்ளவே முடியாது. கிளட்ச் லீவரும் என் விரலுக்குத் தூரம்.

பட்டறையில் கேட்டேன். “லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டுக்குப் பதில் வேறு நீளத் துண்டு) போட்டால் ஒரு மதியத்தில் 30 மி.மீ. இறக்கிவிடலாம்” என்றார்கள். தோழி சீட்டை வெட்டச் சொல்கிறாள். காசைக் கொட்டும் முன் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். “வேறு பைக் வாங்கு” என்று மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

சூப்பர்4_செல்வம்

வேண்டாம் என்றாலும் சொல்கிறேன் தங்கச்சி. சிபி400 சூப்பர் ஃபோர். சீட் 755 மி.மீ. முடிந்தது கதை.

தேன்மொழி_யீஷூன்

உட்கார்ந்து பார்த்துவிட்டேன் அண்ணே. எண்ணில் 45 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, காலில் அவ்வளவு தெரியவில்லை. சீட் முன்பக்கம் அகலம், தொடை விரிந்துவிடுகிறது. தவிர 2022-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். நல்ல நிலையில் உள்ளதற்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேரேஜ்_மணி

விலை சொன்னதும் செல்வம் அண்ணன் காணாமல் போய்விடுவார் பாருங்கள்.

மெக்கானிக் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். லிங்க் கடைசி. முதலில் காசே செலவில்லாத வேலை: பின் சஸ்பென்ஷன் உங்கள் எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். நாங்கள் ‘சாக்’ என்போம்.

வண்டியை இரண்டு பேர் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்குத் தூக்க வேண்டும். சஸ்பென்ஷன் முழுக்க நீண்டிருக்கும் அந்த நிலையில் பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக்கில் ஒரு இடம் வரை டேப்பால் அளந்து கொள்ளுங்கள். அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் குழப்பம் வராது. பிறகு நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டோடு ஏறி இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) வைத்து உட்காருங்கள். முன்னால் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சாக். சாலை வண்டிக்கு மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

ஐம்பது கிலோ ஆளுக்குப் பெரும்பாலும் அவ்வளவு இறங்காது. பழைய வண்டி என்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் டாப் பாக்ஸ் மாட்டி, பின்னால் ஆளும் ஏற்றியிருந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, ஏற்றி வைத்திருப்பார். சி-ஸ்பேனர் எடுத்து ஸ்பிரிங்கை அமுக்கும் காலரை (வளையத்தை) ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ஐந்து மி.மீ. வரலாம், பத்தும் வரலாம். சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பிரீலோடைக் குறைத்தால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறுகிறது. ஆனால் அதே நிலையில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கினால் சஸ்பென்ஷன் அடிமுட்டும். ஆள் ஏறும் நாளில் திருப்பி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஜேபி_தினசரி

நான் 160 செ.மீ. தினமும் காலையில் ஜோகூர் பாருவிலிருந்து (ஜேபி) கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வருகிறவன். வேலைக்குக் கப்சாய் (சின்ன, எடை குறைந்த பைக்), சனி ஞாயிறுக்குப் பெரிய வண்டி. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் வண்டி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அங்கே நின்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன் அக்கா.

இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். இரண்டு கட்டைவிரல் நுனியைவிட, நன்றாக ஊன்றிய ஒரு பாதம் மேல். நிற்கும் முன் வலது கால் பின் பிரேக்கில். கடைசி ஒரு மீட்டரில் இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, சீட்டின் விளிம்புக்கு வந்துவிடுங்கள். இடது கால் இறங்கும்போது பாதத்தின் முன்பாதி முழுக்கப் பதியும். மேம்பாலச் சரிவில் நிற்கும்போதும் வண்டி பின்னால் உருளாது, வலது கால் பிரேக்கிலேயே இருப்பதால்.

இன்னொன்று, நிற்கும் இடம். இடது ஓரத் தடத்தில் சாலை வடிகால் பக்கம் சரிந்திருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சரிவு கூடும். அங்கே இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். ஓரத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தடத்தின் நட்ட நடுவும் வேண்டாம், கார்களிலிருந்து சொட்டிய எண்ணெய் அங்கேதான் இருக்கும். கார் டயர் ஓடும் தடம் நல்லது. லாரி, பஸ் நின்று நின்று சிக்னலில் சாலை லேசாகக் குழிந்திருக்கும் பாருங்கள், சக்கரத்தை அந்தப் பள்ளத்தில் விட்டுக் காலை மேட்டில் வைத்தால் தரையே ஒரு விரல் அளவு மேலே வந்த மாதிரி.

மழை நாளில் சாலையில் வரைந்த அம்புக்குறி, சாலைப் பணிக்குப் போட்ட இரும்புத் தகடு, இவற்றின் மேல் கால் வைக்கவே வைக்காதீர்கள். உயரமானவர்களுக்குக் கால் வழுக்கினால் இன்னொரு கால் இருக்கிறது. நமக்கு இல்லை.

வேகத்தடை

எதற்கு இவ்வளவு பாடம்? நானும் லிங்க் போட்டிருக்கிறேன். காலையில் விட்டேன், மாலையில் எடுத்தேன், இரண்டு பாதமும் தரையில். இன்றுவரை ஒரு தொந்தரவு இல்லை. அவர் கேட்டது வண்டியை இறக்க வழி, நீங்கள் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

நஸீமா_டியூக்

நான் 152 செ.மீ., ஓட்டுவது டியூக் 390, சீட் 830 மி.மீ. லிங்க் போடச் சொல்லி எனக்கும் யோசனை சொன்னார்கள், அந்த டியூக்கில் லிங்க் மாட்டும் இணைப்பே (லிங்கேஜ்) கிடையாது என்று தெரியாமல்! அது தனிக் கதை.

தேன்மொழி, உங்கள் சீட்டின் உயரத்தைவிட அகலம்தான் உங்கள் எதிரி. சூப்பர் ஃபோரில் நீங்களே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கால் நேர்கீழாக இறங்காமல் சீட்டின் ஓரத்தைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில் போகிற சென்டிமீட்டரை மீட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது.

சீட் தைக்கிறவரிடம் போகும்போது வழக்கமாக ஓட்டும் பேண்ட், பூட்ஸோடு போங்கள். வண்டியில் உட்கார்ந்து காலைக் கீழே விடுங்கள், உள்தொடை எங்கே உரசுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். உறையைக் கழற்றியதும் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் ஃபோமைச் சீவ வேண்டும். டேங்கை ஒட்டிய முன்பகுதியின் இரண்டு தோளும் உருண்டையாகிவிட வேண்டும். கொஞ்சம் சீவு, உறையைச் சும்மா மேலே போர்த்து, உட்கார்ந்து பார், இறங்கு, மறுபடி சீவு. இப்படிப் பொறுமையாகச் செய்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். “காலையில் விட்டுவிட்டுப் போங்கள், மாலையில் தயாராக இருக்கும்” என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் உட்காராமல் அவருக்கு எப்படித் தெரியும்?

நடுப்பகுதியில் உயரத்தைக் குறைப்பதில் பேராசை வேண்டாம். ஃபோம் மெலிந்தால் அரை மணி நேரத்தில் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு எலும்பில் தெரியும். முன்பக்கம் மட்டும் ஆழமாக வெட்டினால் சீட் டேங்கை நோக்கிச் சரியும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு போய் இடிப்பீர்கள். வெட்டினால் உட்காரும் பகுதி மட்டமாக இருக்கும்படி வெட்ட வேண்டும்.

அசல் சீட்டைத் தொடாதீர்கள். பழைய சீட் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யுங்கள். விற்கும்போது அசல் சீட் இருந்தால் வாங்குகிறவர் பேரம் பேச ஒரு காரணம் குறையும்.

கேரேஜ்_மணி

> லிங்க் போட்டிருக்கிறேன்... இன்றுவரை ஒரு தொந்தரவு இல்லை

வேகத்தடை தம்பி, சைட் ஸ்டாண்டை மாற்றினீர்களா?

வேகத்தடை

இல்லை. நிற்கிறதே.

கேரேஜ்_மணி

மட்டமான தரையில் நிற்கும். சரி, லிங்க்கைப் பற்றி முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கெட்ட சாமான் இல்லை. அரைகுறையாகப் போடுவதுதான் கெட்டது.

பெரும்பாலான வண்டிகளில் நீளமான லிங்க் போட்டால் பின்பக்கம் இறங்கும், சில மாடல்களில் நேர்மாறு. அது பட்டறைக்காரர் கவலை. உங்கள் கவலை, பின்பக்கம் மட்டும் இறங்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்பது. ஸ்டியரிங் கோணம் சாய்ந்து, வளைவில் திருப்ப மந்தமாகும். முன் டயர் மேல் விழும் பாரமும் குறையும். ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும். அதனால் முன்ஃபோர்க்கை அதன் பிடியில் தளர்த்தி, குழாயைச் சில மி.மீ. மேலே நகர்த்தி முன்பக்கத்தையும் இறக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

அதிலும் ஒரு வில்லங்கம். முன்பக்கத்தை அதிகம் இறக்கினால் முழுப் பிரேக்கில் ஃபோர்க் அமுங்கும்போது மட்கார்டு மேலே எதிலாவது முட்டலாம். இடைவெளியை அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எதுவரை அமுங்குகிறது என்று அது நகர்ந்து நின்று காட்டும்.

சைட் ஸ்டாண்ட் அதே நீளம், வண்டி மட்டும் தாழ்ந்துவிட்டது. அப்படியானால் வண்டி சாய்ந்து நிற்காமல் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். காற்று, பக்கத்து வண்டிக்காரர் முழங்கை, எது பட்டாலும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் பட்டறைக்கு வந்த ஒருவரின் வண்டி அப்படித்தான் கார்பார்க்கில் விழுந்து, வலப்பக்கம் நின்ற மூன்று வண்டிகளையும் சேர்த்துச் சாய்த்தது. லிங்க்குக்கு ஆன செலவு கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர் வாங்கியதில் பல மடங்காயிற்று. ஸ்டாண்டை வெட்டிக் குறுக்கி வெல்டு செய்தாலும் உள்ளிருக்கும் ஸ்விட்சும் ஸ்பிரிங்கும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

செயின் தளர்வை மறுபடி பார்க்க வேண்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் கோணம் மாறிவிட்டது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைந்ததால் கார்பார்க் வேகத்தடையில் அடி உரசலாம், வளைவில் ஃபுட்பெக் முன்னதாகவே தரையைத் தொடும்.

இதெல்லாம் செய்து முடித்தால் 30 மி.மீ. நிச்சயம் கிடைக்கும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வேகத்தடை

சரி அண்ணே. ஸ்டாண்டைப் பார்க்கிறேன்.

விதிப்புத்தகம்

யாரும் பேசாத விஷயம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. லிங்க், ஸ்டாண்ட் என்று எதைத் தொட்டாலும் அது எந்தப் பிரிவில் வருகிறது என்று முதலில் பாருங்கள். “எல்லாரும் போடுகிறார்கள்” என்று பட்டறையில் சொல்வது அனுமதி ஆகாது.

வண்டிக்கு மூன்று வயதாகிவிட்டால் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு “இந்த மாற்றம் எங்களுக்குத் தெரியாதே” என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

சூப்பர்4_செல்வம்

ஜேபி பக்கம் போய் மலிவாக முடித்துக்கொண்டு வருகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

விதிப்புத்தகம்

எங்கே மாட்டினாலும் ஓடப்போவது இங்கே பதிவான வண்டி. சட்டம் ஸ்பேனர் பிடித்தவரைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கும்.

குட்டைவிரல்

லீவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கால் எட்டாதவர்களுக்குப் பெரும்பாலும் கையும் சின்னது. என் அனுபவத்தில் வண்டி விழுவது காலால் மட்டும் இல்லை. கிளட்சை நுனிவிரலால் எட்டிப் பிடித்து, சரியாக விட முடியாமல் இன்ஜின் அணைந்து, அந்தத் திடுக்கில் விழுகிறது.

முன் பிரேக் லீவரின் அடிப்பக்கத்தில் சின்ன வீல் இருந்தால் லீவரைச் சற்று முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீலைத் திருப்புங்கள். லீவர் கிரிப்புக்கு நெருங்கி வரும். கிளட்ச் பக்கம் பல வண்டிகளில் அந்த வசதி இல்லை. தூரம் மாற்றக்கூடிய லீவராக வாங்கி மாட்டலாம். சந்தையில் மலிவு லீவர் குவிந்து கிடக்கிறது. அச்சாணி ஓட்டை தளர்வாக ஆடும் லீவரை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மாற்றிய பிறகு கிளட்ச் கேபிளின் தளர்வைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா அசைய வேண்டும். லீவரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேபிளைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாது, நியூட்ரல் விழாது, சிக்னலில் வண்டி முன்னால் இழுக்கும். கால் எட்டாத ஆளுக்கு அதைவிட நரகம் வேறு வேண்டுமா?

லீவரின் கோணமும் முக்கியம். உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்கோடு வர வேண்டும். ஒரு போல்ட்டைத் தளர்த்திச் சுழற்றுகிற வேலைதான். ஹேண்டிலையே உங்கள் பக்கம் லேசாகத் திருப்பலாம். திருப்பினால் முழு இடம், முழு வலம் ஒடித்துப் பார்த்து, கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடவில்லை, கட்டைவிரல் டேங்கில் நசுங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய_ஆசிரியர்

நான் ஒரு காலத்தில் ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவன். எதையும் மாற்றாமல் ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் சரி என்பது என் கட்சி. பள்ளி வண்டியை யாருக்காகவும் வெட்டுவதில்லை. ஐந்தடிக்குக் குறைந்த பெண்கள் அதே வண்டியில் எட்டும், ஒடுக்கமான பலகையும் ஓட்டித் தேர்ச்சி பெற்றுப் போயிருக்கிறார்கள். உயரமான பையன்கள் இரண்டு பாதமும் ஊன்றிக்கொண்டே நடந்து பழகி, கிளட்சைக் கற்றுக்கொள்ளாமல் தவறியதையும் பார்த்திருக்கிறேன்.

நஸீமா_டியூக்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பள்ளி மைதானத்தில் தரை மட்டம், பின்னால் டாக்ஸி ஹாரன் அடிப்பதில்லை. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது. நடு இரவில் ஷிஃப்ட் முடிந்து ஈரமான சரிவில் தனியாக வண்டியைத் திருப்புகிறவளுக்கு இரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம். மனம் பதறாமல் இருந்தால்தான் நீங்கள் சொல்லும் கிளட்ச் வேலையே கைக்கு வரும்.

பழைய_ஆசிரியர்

அதை நான் மறுக்கவில்லை அம்மா. சீட்டைச் சீவட்டும், பிரீலோடை இறக்கட்டும், அதெல்லாம் தையல்காரரிடம் சட்டையைப் பிடித்துத் தைப்பது போல. நான் பயப்படுவது, “இப்போது கால் எட்டுகிறது, இனிப் பழக வேண்டியதில்லை” என்ற நினைப்பைத்தான். வண்டி ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால், பாதம் முழுக்க ஊன்றியிருந்தாலும் 200 கிலோவை யாராலும் காலால் தாங்க முடியாது.

பழகும் நாட்களில் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குப் பக்கம், அதுவும் வண்டியின் மேல்பகுதியில் இருக்கும் பாரம். அந்த வண்டியில் முழு டேங்குக்கும் பாதி டேங்குக்கும் நடுவே ஆறேழு கிலோ. தள்ளும்போது தெரியும்.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து நிற்காதீர்கள். குட்டையானவர்கள் விழுவதில் பெரும்பங்கு இப்படித்தான். கடைசியில் ஹேண்டில் நேராக, பின் பிரேக்கில் நிற்க வேண்டும்.

ஜேபி_தினசரி

கார்பார்க் விஷயத்துக்கு வருவோம். உட்கார்ந்தபடி தள்ளாதீர்கள் அக்கா. இறங்குங்கள். இடப்பக்கம் நின்று, இடது கை ஹேண்டிலில், வலது கை பின்சீட் கைப்பிடியில், இடுப்பு சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கட்டும். வண்டி உங்கள் பக்கம் ஒரு துளி சாய்ந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் சாய்ந்தால் பிடிக்க முடியாது. சரிவான இடமென்றால் வலது கையும் ஹேண்டிலில், ஒரு விரல் முன் பிரேக்கில். ஹேண்டிலை நேராக வைத்து மெதுவாக, ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி.

எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். காலையில் ஏறி நேராகப் போய்விடலாம். தரை சரிவாக இருந்தால் முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போங்கள்.

விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு அவசரமாகத் தூக்க வேண்டாம். இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைட் ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். கியரில் இருக்கட்டும். சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கை கீழே கிடக்கும் கிரிப்பில், ஒரு கை பின்பக்க ஃபிரேமில். முதுகை வளைக்காமல் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். கால்தான் தூக்க வேண்டும்.

தேன்மொழி_யீஷூன்

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மணி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. பின் பிரீலோட் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. நான் ஏறினால் வண்டி இறங்கவே இல்லை, என் வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு “நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாயா?” என்று கேட்டார். படிப்படியாக இறக்கினோம். பத்து மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே கிடைத்தது. மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுவதும் நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்கவில்லை.

பழைய சீட் ஒன்று கிடைத்தது. நஸீமா சொன்னபடி உட்கார்ந்து சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு தோளையும் சீவியாயிற்று. மேலிருந்து எடுத்தது ஒரு விரல் தடிமன்கூட இல்லை, பக்கவாட்டில் எடுத்ததுதான் அதிகம். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் வாங்கினேன். இப்போது இரண்டு பக்கமும் விரல்கள் எல்லாம் படுகின்றன, இடுப்பை நகர்த்தினால் இடது பாதம் கிட்டத்தட்ட முழுக்கப் பதிகிறது. கிளட்ச் லீவர் மாற்றியாகிவிட்டது. லிங்க் இப்போதைக்கு இல்லை.

புதுத் தலைவலி ஒன்று: இந்த பூட்ஸ் கியர் லீவருக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்கிறது. கியர் ஏற்ற காலைப் பெக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

கேரேஜ்_மணி

அது சின்ன வேலை. கியர் லீவரிலிருந்து இன்ஜின் பக்கம் போகும் மெல்லிய கம்பியைப் பாருங்கள், இரண்டு முனையிலும் லாக்நட் இருக்கும். இரண்டையும் தளர்த்திக் கம்பியைக் கையால் திருகினால் லீவர் மேலே போகும் அல்லது கீழே வரும். ஒரு நட் பெரும்பாலும் எதிர் மரை (எதிர்ப்பக்கம் திருக வேண்டியது), அது தெரியாமல் பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள். பூட்ஸோடு உட்கார்ந்து, பாதம் பெக்கில் இருக்கும்போது விரல் நுனி லீவருக்கு அடியில் தாராளமாக நுழையும் அளவுக்கு ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் கியர் இறக்கும்போது கணுக்காலைத் தூக்க வேண்டிவரும்.

வலப்பக்கம் பின் பிரேக் பெடலையும் அதே பூட்ஸோடு பாருங்கள். தடித்த அடிப்பாகம் இருந்தால் பெடல் மேல் கால் தெரியாமலே அழுந்திக்கொண்டிருக்கும். பெடலைச் சற்று இறக்கிவிட்டு, பிரேக் விளக்கு சரியான இடத்தில் எரிகிறதா என்று ஸ்விட்சையும் சரிசெய்யுங்கள். அதை மறந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் அல்லது தாமதமாக எரியும், பரிசோதனையில் பிடிப்பார்கள்.

வேகத்தடை

தகவலுக்கு: என் வண்டியைப் பார்த்தேன். நிமிர்ந்துதான் நிற்கிறது. சனிக்கிழமை ஸ்டாண்டுக்கு ஆள் பார்க்கப் போகிறேன். மணி அண்ணே, கடை திறந்திருக்குமா?

கேரேஜ்_மணி

மதியம் வரை. ஹெட்லைட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், வாங்க.

குட்டைவிரல்

தேன்மொழி, சீட் தைத்தவர் யார்? உறைத் தையலில் மழைத் தண்ணீர் இறங்குகிறதா இல்லையா? எனக்கு முன்பு தைத்தவர் தையலை அடைக்காமல் விட்டார், ஃபோம் ஊறிப்போய் வெயில் நாளிலும் பேண்ட் நனைந்தது.

தேன்மொழி_யீஷூன்

ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்துத்தான் தைத்தார். நேற்றைய மழையில் வெளியே நிறுத்தியிருந்தேன், ஈரமில்லை. எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஞாயிறு கூட்டம்.